மகளின் வாரம்

அன்று சாயங்காலம் மகள் வீட்டை விட்டுப் போகிறாள் என்கிற செய்தி கதையாருக்குக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. மகள் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தன. மனைவிதான், பால்கனியில் ஈரத்துணியை உதறிக்கொண்டே, கொடிக்கயிற்றிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“வேலை முடிஞ்சு வந்து பெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பறா. வண்டி சொல்லியாச்சு. அவ வேலை பாக்கற கடைக்குப் பக்கத்துலயே ஹாஸ்டல்ல இடம் பாத்துட்டா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“அவ சொல்லாததையெல்லாம் நீங்கதான் எழுதுவீங்களே. இதையும் நீங்களே தெரிஞ்சுக்குவீங்கன்னு விட்டிருப்பா.”

வாய் நிறைய நுரையோடு கதையார் நின்றார். துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மகள் போவது கூடப் பெரிதில்லை. வளர்ந்த பெண், சம்பாதிக்கிறாள், தனியாக இருக்கட்டும். ஆனால் பேசாமல் போய்விட்டால் அப்புறம் பேச்சு என்பதே கிடையாது என்று அவருக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் அவரையே உரித்து வைத்தவள். அவர் தன் அண்ணனோடு ஒரு தடவை பேச்சை விட்டார், விட்டதுதான். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் விட்டபடியே இருக்கிறது.

கதையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் உடன் வேலை செய்கிறவர்கள் வைத்தது. அதில் மரியாதை பாதி, கிண்டல் முக்கால். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் தண்டவாளத்துக்கு எண்ணெய் விடுவது, இரும்புக் கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, மூட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் கதவைச் சமாதானம் செய்வது, இதெல்லாம் பகல் வேலை. மற்ற நேரமெல்லாம் கதை. இருபது வயதில் ஆரம்பித்த கிறுக்கு. அனுப்பிய கதைகள் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தன. மனிதர் சளைக்கவில்லை. தலை நரைத்து, மூட்டு வலி வந்து, இனி என்ன என்று எல்லாரும் நினைத்த பிறகு ஒரு வாரப் பத்திரிகை அவருடைய தொடர்கதையை ஏற்றுக்கொண்டது. கம்பெனியில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மேஸ்திரி இரண்டு டீ குடித்தார்.

தொடர்கதை ஒரு வீட்டைப் பற்றியது. அப்பா, அம்மா, மகள் என்று மூன்றே பேர். ஒரு வாரம் அப்பா சொல்வார், மறுவாரம் அம்மா, அதற்கடுத்த வாரம் மகள். நடப்பது ஒரே சங்கதிதான். பார்க்கிற கண் மட்டும் வாராவாரம் மாறும். நல்ல யோசனை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அடுத்தவர் கண்ணுக்குள் புகுவது என்ன சாமானியமா? அதற்குக் கதையார் ஒரு வழி வைத்திருந்தார். யாருடைய வாரமோ, அவர் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து எழுதுவார். முன்பு ஒரு காவலாளியின் கதைக்காக ஒரு வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உண்மையான காவலாளியால் விரட்டப்பட்டவர் அவர். இந்தத் தொடரில் அம்மாவின் வாரம் வந்தால் சமையலறை முக்காலிதான். மனைவி அவரைச் சுற்றிச் சுற்றி வேலை செய்வாள். “நான் எங்க நின்னு தாளிக்கிறது, உங்க தலை மேலயா?” என்பாள். அந்த வரியும் அச்சில் வந்தது. வாசகிகள் பாராட்டி எழுதினார்கள்.

அப்பாவின் வாரத்துக்கு ஹால் சோபா இருக்கவே இருந்தது. மகளின் வாரம்தான் இடித்தது. மகளின் அறைக்குள் அவர் போவதில்லை. ஹாலில் பலகைத் தடுப்பு போட்டு அவளுக்காகப் பிரித்துக் கொடுத்த சின்ன அறை அது. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அதனால் மகளின் வாரத்தையும் சோபாவிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மகள் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தவள். படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் எழுந்து, “நான் இனிமே போகல” என்றாள். காரணம் சொல்லவில்லை. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். கதையார் கத்தினார், பட்டினி கிடந்தார், பிறகு ஓய்ந்துபோனார். ஆனால் தொடர்கதையில் வரும் மகளும் படிப்பைப் பாதியில் விடுகிறாள், கதைக்குக் காரணம் வேண்டுமே! ஒரு காரணம் போட்டார். காதல் தோல்வி. வகுப்பில் ஒருவன் கைவிட்டான், பெண் உடைந்துபோனாள், அப்பாவின் தோளில் சாய்ந்து, “உங்க பேச்சைக் கேட்டிருக்கலாம்ப்பா” என்று அழுதாள். அதை எழுதும்போது கதையாருக்கே கண் கலங்கியது.

செல்போன் கடையில் அந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் இருந்தார்கள். “யாருடி அவன்?” என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்துவிட்டார்கள். பத்திரிகையை மடித்த கையோடு அன்றைக்கு அவள் வந்து நின்ற கோலத்தைக் கதையார் மறக்கவில்லை.

“என் வாயில எதுக்கு உங்க பேச்ச வெக்கிறீங்க?”

“அது நீ இல்ல பாப்பா. கதைல வர்ற பொண்ணு.”

“கதைல வர்ற பொண்ணுக்கு என் மணிக்கட்டு மச்சம் எதுக்கு? என் ரூம் வாசல் திரைச்சீலை எதுக்கு? அதையெல்லாம் எங்கிட்டேருந்து எடுத்துட்டு, மனசு மட்டும் உங்களோடதா?”

அவர் என்னவோ சொல்லப்போனார். “கலைன்னா…” என்று ஆரம்பித்ததாக ஞாபகம். அந்த ஒரு சொல்லோடு அவள் பேச்சை நிறுத்தினாள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்தக் காலை. நுரையைத் துப்பிவிட்டு வேலைக்குப் போனார். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் கூண்டு தொங்க, குந்தி உட்கார்ந்திருந்தபோது பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

“கடைசி அத்தியாயம் இன்னிக்கு வரணும். சாயங்காலம் பக்கத்தை முடிச்சு அச்சுக்கு அனுப்பறோம்.”

“வந்துடும் சார்.”

“மகள் வாரம் அது. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அப்பா நல்லாருக்கார், அம்மா பிரமாதம். மகள் மட்டும் மகளாவே இல்ல. அப்பாவே குரலை மாத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. இந்த ஒண்ணையாவது அந்தப் பொண்ணுக்குள்ள போய் எழுதுங்க. சரியா வரலேன்னா போன வாரத்தோட முற்றும்னு போட்டுடுவேன்.”

கதையார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? செல்போன் கடைக்கு ஓடியிருப்பார். “தப்புதான், போகாதே” என்று நடுக்கடையில் நின்று கெஞ்சியிருப்பார். இல்லை, வீட்டில் இரண்டு பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பார். கதையாருக்குத் தோன்றியது வேறு. கடைசி அத்தியாயத்தை அப்படியே மகளின் மனசாக எழுதிவிட வேண்டும், சாயங்காலம் அதை அவளிடம் நீட்ட வேண்டும், அவள் படித்துவிட்டு ‘அப்பாவுக்கு நான் புரிந்துவிட்டேன்’ என்று பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு மட்டுமே பிடிக்கும் பைத்தியம் இது. காயம் பண்ணிய கத்தியையே தீட்டிக்கொண்டு போய் மருந்து என்று நீட்டுவது. அவருக்கு அது தெரியவில்லை. மேஸ்திரியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மகளின் வாரம். ஆகவே மகளின் இடம். வீட்டுக்கு வந்ததும் நேரே அவள் அறைக் கதவைத் தள்ளினார்.

“அவ ரூமுக்குள்ள எதுக்குப் போறீங்க?” மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“அஞ்சு நிமிஷம்.”

“உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். அவ வந்து பாத்தா இருக்கிற கொஞ்சமும் போயிடும்.”

“போறதுக்கு இன்னும் என்ன இருக்கு?”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

அறையில் பாதி காலியாகியிருந்தது. அலமாரியில் ஹேங்கர்கள் வெறுமனே தொங்கின. கட்டிலின் மேல் பெட்டி, மூடி, பூட்டி. பலகைத் தடுப்பை ஒட்டி ஒரு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி. கதையார் கதவைச் சாத்திவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஜன்னல்கூட இல்லை, பலகைதான். பேனாவைத் திறந்தார். திருட வந்தவர் மாதிரி கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எழுத ஒன்றும் வரவில்லை. அப்போது பேச்சுக்குரல் கேட்டது. யாரோ காதருகில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. மனைவி ஹாலில் சோபாவில் உட்கார்ந்து தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

“…ஆமா, உள்ளதான் இருக்கார். ஊர்ல இருக்கிற எல்லார் மனசும் இவருக்குத் தெரியும். நம்ம வீட்டுல ஒருத்தி மூணு மாசமா சரியாச் சாப்பிடலைங்கிறது தெரியாது. அழுகையா? எனக்கு அழறதுக்கு எங்க நேரம்… சரி, வெச்சிடறேன், அடுப்புல இருக்கு.”

ஒரு எழுத்து பிசகவில்லை. தங்கை பேசியதில்கூட பாதி கேட்டது. கதையார் பலகையில் கை வைத்துப் பார்த்தார். சோபா இந்தப் பலகையின் அந்தப் பக்கம் ஒட்டிப் போட்டிருக்கிறது. அவர் உட்காரும் சோபா. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் வாய் ஓயாமல் பேசும் சோபா. இத்தனை வருஷமும் மகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தாள்.

அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறது. உடனே அவருக்கு அது ஞாபகம் வந்தது. மகள் படிப்பை விட்டதற்கு முந்தைய வாரம் அவருடைய தம்பி வந்திருந்தார். தம்பி மகனுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது; அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் தம்பி. “உன் பொண்ணு எப்படிப் படிக்கிறா?” என்று கேட்டார். கதையாருக்கு உள்ளுக்குள் மகளைப் பற்றிப் பெருமை ததும்பிக்கொண்டிருந்த காலம் அது. அவள் சொல்லிக்கொடுத்த முட்டிப் பயிற்சியைக் கம்பெனியில் எல்லாருக்கும் செய்து காட்டி, “எம் பொண்ணு, டாக்டர் மாதிரி” என்று பீற்றிக்கொண்டிருந்தார். ஆனால் தம்பி எதிரில் தன் பிள்ளையைத் தானே மெச்சுவதா? அடக்கமாக இருக்க நினைத்தார்.

“இவளா? இவ எங்கடா முடிக்கப்போறா! வீட்டுல சும்மா இருந்தா நாலு பேர் கேப்பாங்களேன்னு அனுப்பிட்டிருக்கேன்.”

தம்பி சிரித்தார். அவரும் சிரித்தார். பெருமை மனசிலேயே தங்கிவிட்டது. பேச்சு மட்டும் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறது.

அவ்வளவுதான், காரணம் கிடைத்துவிட்டது. காதலாவது தோல்வியாவது! நானே என் வாயால் என் பிள்ளையின் படிப்பைக் கெடுத்தேன் என்று நெற்றியில் அறைந்துகொண்டார். பேனாவை எடுத்தார். ‘நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். பலகைக்கு அப்பால் அப்பா பேசுவது கேட்டது’ என்று மகளாக எழுத ஆரம்பித்தார். அடுத்த வரி, ‘நான் அழுதேன்.’ அழுதாளா? அடித்தார். ‘எனக்குக் கோபம் வந்தது.’ வந்ததா? அதையும் அடித்தார். சிரித்திருக்கலாம். காதைப் பொத்தியிருக்கலாம். மரத்துப்போய் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கேட்டதைக் கேட்டு, அவள் பார்த்த பலகையைப் பார்த்தும் அவருக்கு அது தெரியவில்லை. இருபத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்த பிள்ளையைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்த ஒரு வரி, ஒரே ஒரு வரிகூட, எழுத வரவில்லை. தாளைக் கசக்கிக்கொண்டு எழுந்து வெளியே வந்தார்.

சோபாவில் உட்கார்ந்து அப்பாவின் அத்தியாயமாகவே எழுதினார். தம்பி வந்ததை எழுதினார், தான் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். ‘அடக்கத்துக்காகச் சொன்னேன், மனசில் பெருமைதான் இருந்தது’ என்று ஒரு வரி சேர்த்தார். படித்துப் பார்த்தார். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது கேட்கவில்லையே, இப்போது வாசகருக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத்தானே? அந்த வரியையும் அடித்தார். அத்தியாயம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. மகள் அதில் பேசவே இல்லை.

போன் அடித்தது. ஆசிரியர்.

“எங்க சார்? எல்லாப் பக்கமும் போயாச்சு, உங்களோடது ஒண்ணுதான் பாக்கி.”

“எழுதிட்டேன். எம் பொண்ணு வந்து படிக்கணும். அப்புறம்தான் அனுப்புவேன்.”

“பொண்ணு எதுக்குப் படிக்கணும்? அவங்க என்ன எழுத்தாளரா?”

“இல்ல சார். அவ எம் பொண்ணு.”

“அரை மணி பாப்பேன். அப்புறம் முற்றும்தான்.”

முப்பது வருஷம் காத்திருந்தவருக்கு அரை மணி. கதையார் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போனாள். போன் மறுபடி அடித்து ஓய்ந்தது. கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

மகள் உள்ளே வந்தாள். அவரைப் பார்க்காமல் நேரே அறைக்குப் போனாள். நாற்காலி நகர்ந்திருப்பதைப் பார்த்திருப்பாள். பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதையார் எழுந்து நின்றார். தாளை நீட்டினார்.

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீ படிக்கணும். எல்லா வாரமும் உங்கிட்டக் காட்டியிருக்கணும். வேணாம்னு சொல்லு, கிழிச்சுடறேன்.”

வாங்க மாட்டாள் என்றுதான் நினைத்தார். வாங்கினாள். ஒரு கை பெட்டியில் இருக்க, நின்றபடியே படித்தாள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தார் கதையார். ஒன்றும் முடியவில்லை.

“கேட்டுச்சு” என்றாள் மகள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் சொல். “அன்னிக்கு எல்லாம் கேட்டுச்சு. வலிச்சுது.”

“அதனாலதான் நீ…”

“அதனால விடல.”

மகள் தாளை விரலால் தட்டினாள்.

“மொதல்ல காதல் தோல்வின்னு எழுதினீங்க. இப்ப நீங்க சொன்ன ஒரு பேச்சுதான் காரணம்னு எழுதியிருக்கீங்க. நான் ஒரு முடிவு எடுத்தா அதுக்கு யாராவது ஒரு ஆம்பளைதான் காரணமா இருக்கணுமாப்பா?”

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, விம்மலா, தெரியவில்லை. கதையாருக்கு முகம் சூடேறியது. இவ்வளவு உருகி, இவ்வளவு அடித்துத் திருத்தி, கடைசியில் இதிலும் தன்னையே நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்! தாளை வாங்கிக் கிழிக்கப்போனார்.

“கிழிக்காதீங்க. நீங்க சொன்னது நிஜம்தானே. அது உங்க வாரம், போடுங்க. என் வாரத்த மட்டும் விட்டுடுங்க.”

ஹாரன் மறுபடி அலறியது. அவள் பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள். சோபாவில் போனும் அலற ஆரம்பித்தது. போகிறாள், இதோ போகிறாள் என்று கதையாரின் உடம்பு முழுக்கப் பதறியது. அந்தப் பதற்றத்தில், யோசிக்காமல், எந்த அழகும் இல்லாமல் ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து விழுந்தது.

“எதுக்கும்மா படிப்ப விட்ட?”

மகள் நின்றாள். கத்தியிருக்கிறார், பட்டினி கிடந்திருக்கிறார், பத்திரிகையில் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை அவர் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதே அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மகளுக்கு அது எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அவள் கண் நிறைந்துவிட்டது.

ஜன்னல் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் இருங்க, வெயிட்டிங் போட்டுக்குங்க” என்று கத்தினாள். திரும்பி வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்றேன். ஆனா எழுதாதீங்க. நடுவுல ‘எனக்குப் புரியுது’ன்னு சொல்லாதீங்க. சும்மா கேளுங்க.”

கேட்டார். இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். போன் அடித்து அடித்து நின்றுபோயிற்று. அவள் என்ன சொன்னாள் என்பதை அவர் எங்கேயும் எழுதவில்லை, எனக்கும் சொல்லவில்லை. நானும் ஊகித்து எழுதப்போவதில்லை.

மகள் அன்றைக்குப் போகத்தான் போனாள். மூட்டு வலியோடு கதையார்தான் பெட்டியைக் கீழே தூக்கி வந்து வண்டியில் வைத்தார். வண்டி நகரும்போது அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“போயிட்டு வரேன்ப்பா.”